எனக்குக் கால் வலிக்கவில்லை

கால் வலிக்கிறது என்று நான் சொல்லவே இல்லை. இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

அப்போது எனக்கு எட்டு வயது. இங்கிலாந்தில் வேலை பார்த்த மாமா, அம்மாவின் தம்பி, தின்கன்ஜூனில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். இங்கிலாந்தில் மே மாதம் பிறந்தால் பத்துப் பேர், இருபது பேராகச் சேர்ந்து வயல்வெளியில் நாள் முழுக்க நடப்பார்களாம். எதிரே வருகிற ஆட்டு மந்தைக்குக்கூட வணக்கம் சொல்வார்களாம். நாமும் நடப்போம் என்றார். அங்கே மே மாதத்தில் பூ பூக்கும், இங்கே மண்டை பிளக்கும் என்று அப்பா சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. ஏழு மைலையும் நடந்து முடிக்கிற பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பேட்ஜ் என்று மாமா அறிவித்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை படகில் ஆற்றைக் கடந்து தலாவில் இறங்கினோம். மாமா, அப்பா, அம்மா, பெரியம்மாவின் இரண்டு பையன்கள், நான். ஏழாவது மைலில் இருந்த அம்மன் கோவிலில் மத்தியானச் சாப்பாடு. அறுவடை முடிந்த வயல்கள் வெடித்துக் கிடந்தன. மாமா தொப்பியோடு, கைப்பேசியில் வழி பார்த்தபடி முன்னால் போனார். நான் அண்ணன்களுக்குச் சமமாக நடந்தேன். ஒரு தடவைகூட உட்காரவில்லை. மாமாதான் அடிக்கடி நின்றார். கொக்கைப் பார் என்றார், தாமரைக் குளத்தைப் பார் என்றார்.

நாலாவது மைலில், வழிப்போக்கர்களுக்காகத் தண்ணீர்ப் பானை வைத்திருந்த கொட்டகையில் உட்கார்ந்த மாமா, அந்தப் பக்கம் வந்த சைக்கா என்கிற சைக்கிள் ரிக்ஷா ஒன்றைக் கைதட்டி நிறுத்தினார்.

"பாப்பாவுக்குக் கால் வலிக்குதாம். நான் கூட்டிக்கிட்டு முன்னாடி போறேன். நீங்க நடந்து வாங்க."

எந்தப் பாப்பா என்று திரும்பிப் பார்த்தேன். அங்கே இருந்த ஒரே பாப்பா நான்தான். இல்லை என்று கத்தினேன். காலைத் தரையில் ஓங்கி மிதித்துக் காட்டினேன். வலிக்கிற கால் அப்படி மிதிக்குமா? அடம் பிடிக்காமல் ஏறு என்றாள் அம்மா. அண்ணன்கள் சிரித்தார்கள்.

சைக்காவில் இரண்டு இருக்கைகளும் முதுகோடு முதுகாக இருக்கும். சைக்கிளை மிதிப்பவருக்குப் பக்கத்தில் மாமா முன்னால் பார்த்து உட்கார்ந்தார். நான் பின்னால் பார்த்து உட்கார்ந்து, அண்ணன்கள் சின்னதாகிக்கொண்டே போவதைக் கண்டு அழுதேன். முதுகுக்குப் பின்னால் மாமா புஸ் புஸ்ஸென்று மூச்சு விட்டார். என்னை ஏமாற்றிவிட்ட சிரிப்பை அடக்குகிறார் என்று நினைத்தேன். வண்டிக்காரர் இரண்டு தடவை நிறுத்தி அவருக்குத் தண்ணீர் கொடுத்தார். அழுத எனக்குக் கொடுக்கவில்லை.

மற்றவர்கள் வந்து சேர்ந்ததும், கோவில் மண்டபத்தில் மாமா அண்ணன்களின் சட்டையில் பேட்ஜைக் குத்திவிட்டார். இரண்டோடு நின்றது. எனக்குப் பொறுக்கவில்லை.

"நான் சொல்லவே இல்ல. மாமாவுக்குத்தான் முடியல. வண்டிக்காரர் ரெண்டு தரம் நிறுத்தித் தண்ணி குடுத்து, நெஞ்ச நீவி விட்டாரு."

அம்மா சோற்றுத் தூக்கைக் கீழே வைத்தாள். இங்கிலாந்துக்குத் திரும்பிப் போவது எப்போது என்று மாமாவிடம் கேட்டாள்.

"டிக்கெட் எடுக்கலக்கா. அங்க டாக்டருங்க பாக்க வேண்டியதெல்லாம் பாத்துட்டாங்க."

அதற்குப் பிறகு என் வழக்கை யாரும் விசாரிக்கவில்லை. அப்பா எழுந்து குழாயடிக்குப் போய் நின்றுகொண்டார். அம்மா சாப்பிடவில்லை. பொய் சொன்னவரை யாரும் ஒரு வார்த்தை கண்டிக்கவில்லை. அம்மா அவர் கையைக்கூடப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

மாமா இனி எங்கள் வீட்டிலேயே இருப்பார் என்று மட்டும் எனக்குப் புரிந்தது. நல்லதாயிற்று என்று நினைத்துக்கொண்டேன். இந்த அநியாயத்துக்கு அவரிடம் நிதானமாகச் சண்டை போட நிறைய நாள் இருக்கிறது.