வாசனை அடிக்காத ரூம்

ஏற்காட்டில் ஏரிக்குச் சற்று மேலே இருக்கும் ஒரு ஓட்டலில், அறைகளைச் சுத்தம் செய்யும் பெண்களுக்கு நான் பொறுப்பாளராக இருந்தேன். பொறுப்பாளர் என்றால் உட்கார்ந்து வேலை ஏவுகிறவள் என்று நினைத்துவிட வேண்டாம். ஆள் வராத நாளில் நானும்தான் படுக்கை விரிப்பேன், கழிவறை தேய்ப்பேன். ஆள் வராத நாட்களே அதிகம்.

மலை ஓட்டலில் எங்களுக்குப் பெரிய தொல்லை ஈர ஓதம். மழைக்காலத்தில் மேகம் ஜன்னல் வழியாக உள்ளே வந்துவிடும். தலையணை, திரைச்சீலை, அலமாரியில் மடித்து வைத்த கம்பளி எல்லாவற்றிலும் ஒரு மக்கல் வாடை ஏறும். கீழேயிருந்து வருகிறவர்கள் கதவைத் திறந்ததும் முதலில் மூக்கைச் சுளிப்பார்கள். ஊருக்குத் திரும்பியதும் இணையத்தில் எழுதுவார்கள், அறையில் நாற்றம் என்று. அந்த ஒரு வரிக்குப் பயந்தது போல எங்கள் மேனேஜர் வேறு எதற்கும் பயந்து நான் பார்த்ததில்லை.

அதனால் எங்கும் வாசனை. ஆள் வருவதற்கு முன் மல்லிகை ஸ்ப்ரே. சுவரில் ஒரு டப்பா, யாரும் தொடாமலே அவ்வப்போது ‘புஸ்’ என்று லாவெண்டரைத் துப்பும். தரைக்கு எலுமிச்சை வாசனை போட்ட திரவம், கழிவறைத் தொட்டியில் நீலக் கட்டி, விரிப்புகளைக் கடைசித் தண்ணீரில் அலச ரோஸ் நிறத்தில் இன்னொன்று. ஒரு அறையை முடித்து வெளியே வரும்போது நாக்கில்கூட அந்த ருசி இருக்கும்.

எனக்கு முதலில் கண் எரிந்தது. பிறகு தலைவலி. பிறகு படியேறும்போது நெஞ்சை யாரோ துணியால் இறுக்கிக் கட்டியது போல ஆனது. மலைக் குளிர் ஆகவில்லை என்று நினைத்தேன். எங்கள் வீடும் அதே மலையில், கிளியூரில்தான். ஓட்டலிலும் வீட்டிலும் ஒரே குளிர்தானே என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. கவனித்தவர் என் வீட்டுக்காரர்.

“ஏம் புள்ள, லீவு அன்னிக்கு மட்டும் உனக்கு இருமலே வர்றதில்லையே, பாத்தியா?” என்றார்.

அவர் சுற்றுலா வேன் ஓட்டுகிறவர். சொல்லிவிட்டு வேனில் கண்ணாடிக்கு முன்னால் வைத்திருந்த வாசனைப் பாட்டிலைத் தானே எடுத்துத் தூரப் போட்டார். அடுத்த சவாரியில் கொண்டை ஊசி வளைவில் ஒருவர் வாந்தி எடுத்தார். அந்த நாற்றம் போக வேனை எத்தனை தரம் கழுவினார் என்று தெரியாது. ஆனாலும் பாட்டிலைத் திரும்ப வாங்கவில்லை.

சேலத்தில் மார்பு டாக்டரிடம் போனோம். ஒரு குழாயில் ஊதச் சொன்னார். ஊதினேன். இன்னும் பலமாக என்றார். அதுதான் என் பலம் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. என்ன வேலை என்று கேட்டுவிட்டு, அடுத்த முறை அந்த ஸ்ப்ரே டப்பாவைக் கொண்டுவரச் சொன்னார். கொண்டுபோனேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு டப்பாவைத் திருப்பித் திருப்பிப் படித்தார்.

“பெர்ஃப்யூம்னு ஒரே வார்த்தைதான் போட்டிருக்காங்கம்மா. அந்த ஒரு வார்த்தைக்குள்ள என்னென்ன கலந்திருக்குன்னு எனக்கும் தெரியாது. உங்களுக்கு எது ஆகலைன்னு எப்படிச் சொல்றது? வாசனை அடிக்கிற இடத்துல இருந்து கொஞ்ச நாள் தள்ளி இருந்து பாருங்க.”

“எங்கீங்க தள்ளி இருக்கறது?” என்று என் வீட்டுக்காரர் கேட்டார். டாக்டர் சிரித்தார். இன்ஹேலர் எழுதிக் கொடுத்தார்.

என் வீட்டுக்காரர் கேட்டது விளையாட்டில்லை. தள்ளி இருக்கலாம் என்று முடிவு செய்த பிறகுதான், தள்ளி இருக்க இடமில்லை என்று தெரிந்தது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவள் துணியில் வாசனை. கடையில் வாங்கும் சோப்பில், ஷாம்பூவில், கொசுச் சுருளில், பாத்திரம் தேய்க்கும் கட்டியில் வாசனை. மஞ்சக்குட்டையில் ஒரு கல்யாணம். வாசலில் பன்னீர் தெளிக்க வந்த பெண்ணைக் கண்டு நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள் என் வீட்டுக்காரருக்கு அக்கா முறை. இன்றுவரை என்னிடம் சரியாகப் பேசுவதில்லை.

மேனேஜரிடம் சொன்னேன். “சார், ஜன்னலைக் கொஞ்ச நேரம் தொறந்து வெச்சாலே வாடை போயிருமுங்க. ஸ்ப்ரே வேண்டாமுங்க.”

“தொறந்து வெச்சா கொரங்கு வரும். யாரு பதில் சொல்றது? மாஸ்க் போட்டுக்குங்க.”

மாஸ்க் போட்டேன். மாஸ்க்கையும் ஓட்டலில்தானே துவைத்தேன், அதிலும் அந்த ரோஸ் திரவம் ஏறியிருந்தது என்பது தாமதமாகத்தான் உறைத்தது.

மழை பிடித்துக்கொண்டிருந்த ஒரு வாரநாளில் சென்னையிலிருந்து ஒரு கணவன் மனைவி வந்தார்கள். அந்த அம்மாளுக்கு ஐம்பது வயது இருக்கும். பெட்டியை உள்ளே வைத்த கையோடு வராந்தாவுக்கு ஓடி வந்து, நாற்காலியில் முன்னால் குனிந்து, இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டார். அந்த உட்காருகிற விதம் எனக்குத் தெரியும். நானும் அப்படித்தான் உட்காருவேன். அவருடைய கைப்பையிலிருந்து இன்ஹேலரை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

மூச்சு வந்ததும் கேட்டார். “வாசனை அடிக்காத ரூம் ஏதாவது இருக்குமா?”

அறை அறையாகத் திறந்து காட்டினேன். ஒவ்வொரு வாசலிலும் நின்று, உள்ளே கால் வைக்காமலே தலையாட்டினார். நல்ல காற்றுக்கென்று இவ்வளவு தூரம் ஏறி வந்தவருக்கு, மூச்சு விட ஒரு அறை எங்களிடம் இல்லை. அவர் கணவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே நடந்தார். இது அவருக்குப் புதிதில்லை என்பது நடையிலேயே தெரிந்தது.

கடைசியில் மூலை அறை நினைவுக்கு வந்தது. ஜன்னல் கொக்கி உடைந்து, குரங்கு புகுந்ததால் வாடகைக்கு விடாமல் பூட்டி வைத்திருந்தோம். விடாத அறைக்கு யார் ஸ்ப்ரே அடிப்பார்கள்? திறந்தேன். காற்று குறுக்கே ஓடிக்கொண்டிருந்தது. தரையில் சில்வர் ஓக் இலைகள். அந்த அம்மாள் உள்ளே போய், கண்ணை மூடி, மெதுவாக ஒரு மூச்சு இழுத்துப் பார்த்தார்.

“இது போதும்மா.”

மேனேஜர் தலையில் அடித்துக்கொண்டார். நான் ஜன்னலைக் கயிற்றால் கட்டினேன். இரண்டு விரிப்புகளை வெறும் வெந்நீரில் மறுபடி மறுபடி அலசி, சமையலறை அடுப்புக்குப் பக்கத்தில் காயவைத்து விரித்தேன்.

சாயங்காலம் டீ கொண்டுபோனபோது அந்த அம்மாள் என்னை உட்காரச் சொன்னார். ஆபீஸில் எல்லோரும் சென்ட் போட்டுக்கொண்டு ஏசிக்குள் உட்காருவதால் வேலையை விட்டுவிட்டாராம். சினிமாவுக்கும் விசேஷங்களுக்கும் போவதில்லையாம். “எல்லாம் மனசுதான்னு என் தங்கச்சியே சொல்றா,” என்றார்.

“எனக்கும் அதேதானுங்க சொல்றாங்க. வேலைக்கு டிமிக்கி கொடுக்கறேன்னும் சொல்றாங்க.”

ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்லிக்கொள்ள இரண்டு பேருக்கும் தெம்பில்லை. ஆனால் விளக்கிச் சொல்லத் தேவையில்லாத ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடிப்பது எனக்கு நன்றாக இருந்தது.

ஊருக்குப் போய் அவர் எங்கள் ஓட்டலைப் புகழ்ந்து எழுதினார். வாசனை இல்லாத அறை கொடுத்தார்கள், நிம்மதியாகத் தூங்கினேன் என்று. மேனேஜர் என்னைக் கூப்பிட்டு அதைப் படித்துக் காட்டினார். மூலை அறைக்குக் கொக்கி போட்டார், ஜன்னலுக்குக் கம்பி வலை அடித்தார். இனி எல்லா அறைக்கும் வலை வரும், ஜன்னல்கள் திறக்கும் என்று நான் சந்தோஷப்பட்டேன்.

சில நாள் கழித்து அந்த அறைக் கதவில் ஒரு பலகை தொங்கியது: ‘இயற்கை அறை’. உள்ளே ஒரு சின்ன மின்சாரப் பாத்திரம் எலுமிச்சைப்புல் எண்ணெயை ஆவியாக விட்டுக்கொண்டிருந்தது.

“கெமிக்கலே இல்லீங்க. சுத்தமான எண்ணெய்,” என்றார் மேனேஜர், மலர்ந்த முகத்தோடு. பதில் சொல்வதற்குள் எனக்கு இருமல் வந்துவிட்டது.

அவர் கெட்டவர் இல்லை. சமையலறைக்கு மாற்றச் சொல்லிக் கேட்டபோது உடனே மாற்றிக் கொடுத்தார். இப்போது காய் நறுக்குகிறேன். மிளகாய் வறுக்கும்போது எல்லோரோடும் சேர்ந்து நானும் இருமுகிறேன். அது கொஞ்ச நேரத்தில் போய்விடுகிறது. நெஞ்சு முன்னைவிடப் பரவாயில்லை, ஆனால் முழுதாகச் சரியாகவில்லை. இன்ஹேலரை இடுப்பில் செருகி வைத்திருக்கிறேன். என்ன அது என்று யாராவது கேட்டால், தூசி ஆகாது என்று சொல்லிவிடுகிறேன். அப்படிச் சொன்னால் யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை.