பினாங்கில் ஏற்றிய விளக்கு

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் யோசித்துவிட்டேன். நான்காம் வகுப்போடு ஏர் பிடிக்கப் போனவன் நான். எழுத்து வராது என்பதைவிட, சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்களோ என்ற கூச்சம்தான் பெரிது.

என் மனைவியின் தம்பி சிங்கப்பூரில் பலசரக்குக் கடை வைத்திருந்தான். தலைப்பிள்ளை பிறந்திருக்கிறது, அக்காளும் அத்தானும் வந்து பார்க்க வேண்டும் என்று கடிதம் போட்டுக் கப்பல் சீட்டும் அனுப்பிவிட்டான். பருத்தி எடுப்பு முடிந்ததும் மதுரைக்குப் போய் மீனாட்சியம்மனைக் கும்பிட்டு, ரயிலேறி, நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினோம்.

என் மனைவிக்கு ஒரு வழக்கம். காலையில் அம்மனுக்கு விளக்கேற்றாமல் சோறு தொட மாட்டாள். காய்ச்சலில்கூட அதை விட்டதில்லை. உள்ளங்கை அகல வெண்கல விளக்கும் ஒரு குப்பி நல்லெண்ணெயும் மூட்டையில் கட்டி வந்திருந்தாள். கப்பலின் மேல்தளத்தில் எங்களைப் போல எத்தனையோ பேர் பாய் விரித்துக் கிடந்தார்கள். அவள் விளக்கை எடுத்ததுமே கப்பல்காரன் ஓடி வந்து, இங்கே நெருப்புக் கூடாது என்று தடுத்துவிட்டான்.

"வெளக்கேத்தாம எப்பிடிங்க சோறு எறங்கும்?" என்றாள்.

"நடுக்கடல்ல வந்தா அம்மன் பாக்கப் போறா? தின்னு புள்ள."

"அவ பாக்கலைன்னாலும் நான் பாப்பேன்ல?"

ஐந்து நாள் அவலும் வாழைப்பழமும் தண்ணீருமாக ஓட்டினாள். அதிலும் பாதி கடலாட்டத்தில் வெளியே வந்துவிடும். எழுந்து நிற்கவே என் தோள் வேண்டியிருந்தது. சிங்கப்பூருக்கு இன்னும் தூரம் இருந்தது. இவளை உயிரோடு கொண்டுபோய்ச் சேர்ப்பேனா என்று பயந்துவிட்டேன். வாய்க்கு வாய் தாயே தாயே என்றுகொண்டே இருந்தேன்.

ஆறாம் நாள் காலையில் பினாங்குத் தீவு வந்தது. சாயங்காலம்தான் கப்பல் கிளம்பும், இறங்கிப் பார்க்கலாம் என்றார்கள். கரையில் கால் வைத்ததும் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். மலை உச்சிவரை பச்சை. தென்னை, கமுகு, பேர் தெரியாத மரங்கள். சுவர் இடுக்கில்கூட இலை விட்டிருந்தது. சிவப்பு மயிர் முளைத்த பழங்களைக் கொத்துக்கொத்தாக விற்றார்கள். மழையை எதிர்பார்த்து வானத்தையே அண்ணாந்து பார்க்கிற கரிசல்காட்டுக்காரன் நான். அந்த மண்ணைக் குனிந்து ஒரு பிடி எடுத்து முகர்ந்து பார்த்தேன். ஈரமாக இருந்தது.

ரிக்‌ஷாக்காரச் சீனனிடம் "அம்மன் கோயில்" என்றேன். புரியவில்லை. தலைக்கு மேல் கைகூப்பிக் காட்டிவிட்டு, என் மனைவியின் சேலையைத் தொட்டு, பொம்பளைச் சாமி என்று ஜாடை செய்தேன். சிரித்துத் தலையாட்டி, எங்கள் இருவரையும் ஏற்றிக்கொண்டு ஓடினான்.

இறங்கிய கோயிலின் வாசலில் இரண்டு கல் சிங்கங்கள். கூரையில் யாளி மாதிரி ஏதோ நெளிந்தது. உள்ளே ஒரே புகை. அயல்சீமைக் கோயில் கொஞ்சம் வேறு மாதிரித்தான் இருக்கும் என்று நினைத்தேன். சீனர்கள்கூட நம் அம்மனைக் கும்பிடுகிறார்களே என்று பெருமையாகவும் இருந்தது. சாந்தமான முகத்தோடு அம்மன் உட்கார்ந்திருந்தாள். என் மனைவி விளக்கை வைத்து எண்ணெய் ஊற்றினாள். கடல் ஈரத்தில் தீக்குச்சி நமுத்துப்போய்த் திரி பற்றவில்லை. பக்கத்தில் நின்ற சீனத்து அம்மாள் ஒருத்தி தன் சிவப்பு மெழுகுவத்தியைச் சாய்த்துத் திரியை ஏற்றிவிட்டாள். என் மனைவி பொலபொலவென்று அழுதுவிட்டாள்.

மதுரைக்காரர்களுக்கு முதலில் அம்மன், பிறகுதான் சுவாமி. அதனால் சுவாமி சன்னதியைத் தேடி ஒரு சுற்றுச் சுற்றினேன். காணவில்லை. வாசலில் பால் விற்ற தமிழரிடம் கேட்டேன்.

"சாமி சன்னதி எந்தப் பக்கம்ணே?"

அவர் பால்செம்பை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தார். "மதுரப் பக்கமாண்ணே? இது சீனங்க கோயிலு. நம்ம மாரியம்மன் அடுத்த தெருவுல இருக்கா."

மனைவியிடம் ஓடினேன். "தப்பாயிருச்சு புள்ள. வா, மாரியம்மன் கோயிலுக்குப் போயி மறுபடி ஏத்துவோம். அப்புறமாச் சாப்பிடலாம்."

அவள் நகரவில்லை. "பொம்பளைச் சாமிதான?"

"பொம்பளைச் சாமிதான். ஆனா..."

"வெளக்கு ஏறிருச்சுல்ல? ஏத்துனத அமத்திட்டு இன்னொருக்க ஏத்துனா அவ சும்மா விடுவாளா? எனக்குப் பசிக்குதுங்க. எம்புட்டு நேரம் நிக்கிறது?"

ஆறு நாளில் முதல்முறையாகப் பசிக்கிறது என்று அவள் சொல்லக் கேட்டேன். உடனே அவளைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தேன். பால்காரர் காட்டிய கடையில், மரத்தடியில், இலை போட்டுச் சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் வைத்தார்கள். மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டாள். நான் என் இலையைப் பார்க்காமல் அவள் இலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். எண்ணெய் தீர்ந்து தானாய் அணைந்திருந்த விளக்கை எடுத்துக்கொண்டு, போகிற வழியில் மாரியம்மனையும் கும்பிட்டுவிட்டுத்தான் கப்பல் ஏறினோம். கப்பலில் மிச்ச நாளெல்லாம் விளக்கு மூட்டையிலேயே இருந்தது. "அங்க ஏத்துனது போதும்" என்று சொல்லி, அவள் வேளாவேளைக்குச் சாப்பிட்டாள்.

சிங்கப்பூரில் பிள்ளையைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பி, இதை ஒரே ஒரு பங்காளியிடம்தான் சொன்னேன். அடுத்த சந்தைக்குள் மீனாட்சியே சீனத்தி வேஷத்தில் வந்து விளக்கேற்றினாள் என்று ஆகிவிட்டது. இன்னொரு பக்கம், நாங்கள் மதம் மாறி வந்துவிட்டோம் என்று பேச்சு. அதனால்தான் வாயை மூடிக்கொண்டேன்.

படிக்கிற நீங்கள் இதை நாலு பேருக்குச் சொன்னால் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். அந்த அம்மாள் ஒரு சீனத்து அம்மாள்தான். அவள் கையிலிருந்தது மெழுகுவத்தி. அதற்குப் பிறகு என் வீட்டுக்காரி சோறு சாப்பிட்டாள்.