அக்கா பார்க்காத ஆட்டங்கள்

என் அக்காவின் மகள் ஜெர்மனியில் பிறந்தவள். அங்கேயே கால்பந்து விளையாடி, பெண்கள் அணியோடு நாட்டின் சாம்பியன் கோப்பையைத் தூக்கியவள். வெள்ளவத்தையில் என் பிளாட்டுக்கு வருகிற எல்லோரிடமும் இதைச் சொல்லிவிடுவேன். கேட்காவிட்டாலும் சொல்வேன்.

அக்கா மட்டும் மகளின் ஆட்டங்களைப் பார்ப்பதில்லை. முன்பு ஒரேயொரு தடவை மைதானத்துக்குப் போனாள். அன்றைக்குத்தான் பிள்ளைக்கு முழங்காலில் அடிபட்டு, ஒப்பரேஷன் வரை போனது. தன் கண்ணூறுதான் பட்டுவிட்டதென்று அக்கா முடிவு கட்டிவிட்டாள். அதன் பிறகு ஆட்ட நாட்களில் விரதம் பிடித்து, அங்குள்ள அம்மன் கோயிலில் அர்ச்சனை செய்து, ஆட்டம் முடியும்வரை அங்கேயே இருப்பாள். கோப்பை வென்ற அன்றும் கோயிலில்தான். இப்படியொரு விசரை நான் கண்டதேயில்லை.

போன விடுமுறைக்கு இருவரும் கொழும்புக்கு வந்தார்கள். ஜெர்மனிக்குத் திரும்பியதும், ஓய்வு பெறுமுன் தன் கடைசி ஆட்டம், அதற்காவது அம்மா வரவேண்டும் என்று பெறாமகள் கெஞ்சிக்கொண்டிருந்தாள். அக்கா அசையவில்லை.

ஒரு பின்னேரம் ரயில் பாதையைக் கடந்து கடற்கரைக்குப் போனோம். வேலை முடிந்து வந்த இளைஞர்கள் சிலர் மணலில் பந்தடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் இவளைப் பார்த்து, "நங்கி, விளையாட வாறீங்களா?" என்று, தங்கச்சியைக் கூப்பிடுவதுபோல், சிங்களத்தில் வேடிக்கையாகக் கேட்டான். பாவம், யாரிடம் கேட்கிறோம் என்று அவனுக்குத் தெரியாது.

அவள் செருப்பைக் கழற்றியதுமே அக்கா கடலுக்கு முதுகைக் காட்டி, தண்டவாளத்தைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டாள்.

"விழுந்திட்டாளோ?"

"இல்லை."

"இப்ப?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "நீங்களே திரும்பிப் பாருங்கோவன் அக்கா!"

சொல்லி வாய் மூடவில்லை, பிள்ளை குப்புற விழுந்தாள். நான் போட்ட "ஐயோ"வில் அக்கா திரும்பிவிட்டாள். பிள்ளையோ எழும்பி, மணலைத் தட்டி, சிரித்துக்கொண்டே பந்துக்குப் பின்னால் ஓடினாள். அக்கா கண்ணை எடுக்கவில்லை. இரண்டு பேர் மகளை மறித்தார்கள்.

"இடக்காலால அடி, பிள்ளை!" என்று அக்கா கத்தினாள்.

பந்து கோலுக்குள் பாய்ந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பக்கத்தில் கடலை விற்றவரையும் கைதட்ட வைத்துவிட்டேன்.

மூச்சிரைக்க வந்த மகளின் முழங்காலை அக்கா தடவிப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"கடைசி மெட்சுக்கு இனி டிக்கெட் கிடைக்குமோ?"

"ஒவ்வொரு மெட்சுக்கும் உங்களுக்கெண்டு ஒரு சீட் எடுத்து வைக்கிறனான், அம்மா. வெறுமையாத்தான் கிடக்கும்."