டேப் சுற்றிய துடுப்பு

போன ஆடி மாதம், திருகோணமலையில் எங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் போய்வரக்கூடிய உப்புவெளிக் கடற்கரையில் நடந்தது இது. மாதங்கள் ஓடிவிட்டன. ஆனாலும் கச்சான் காற்று என்று யாராவது பேச்செடுத்தால், இன்றும் என் கை பக்கத்தில் இருக்கிற எதையாவது பிடித்துக்கொள்கிறது.

மகளுக்கு அப்போது பதினாறு வயது. சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தாள். சும்மா இருக்கிற பிள்ளைகள் ஏதாவது ஒன்றில் தொற்றிக்கொள்வார்கள். இவள் தொற்றிக்கொண்டது, நின்றபடியே துடுப்புப் போடுகிற அந்த நீளப் பலகையில். பலகையில் எழுந்து நின்று, ஒற்றைத் துடுப்பால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு கடலுக்குள் போவார்கள். சின்ன அலை ஒன்று வந்தால் அதில் ஏறி வழுக்கிக்கொண்டு கரைக்கு வருவார்கள். வெளிநாட்டுக்காரர் செய்வதைப் பல வருடமாகப் பார்த்திருக்கிறேன். என் பிள்ளை அதில் ஏறுவாள் என்று நினைத்ததில்லை.

நான் கடலுக்குப் பக்கத்திலேயே வளர்ந்தும் இடுப்பளவுத் தண்ணீருக்கு மேல் இறங்காதவள். எதைக் கண்டாலும் முதலில் பயப்படுவேன். பயந்த பிறகு அதைப் பற்றித் தேடித் தேடி வாசிப்பேன். வாசிக்க வாசிக்கப் பயம் குறையாது. ஆனால் ஆர்வம் வந்துவிடும். இந்தத் துடுப்பு விஷயத்திலும் அதுதான் நடந்தது.

கடற்கரையில் பலகைகளை வாடகைக்கு விட்டுப் பழக்கியும் கொடுக்கிற ஒரு தம்பி இருந்தார். அவரிடம் இருந்த துடுப்புகள் எல்லாம் உயரமான வெள்ளைக்காரருக்கு ஏற்றவை. “அக்கா, பலகை எதிலையும் பழகலாம். துடுப்பு மட்டும் அவவின்ர அளவுக்கு இருக்கவேணும். இல்லாட்டித் தோள் போயிடும்” என்றார். ஊருக்குத் திரும்பும் பயணிகள் அவரிடம் விற்றுவிட்டுப் போன துடுப்புகள் சில கொட்டிலில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. அதில் ஒன்றைத் தெரிவு செய்யப் போனபோதுதான், துடுப்பு என்பது ஒரு தடியும் ஒரு தட்டும் மட்டும் இல்லை என்று எனக்குத் தெரிந்தது.

நேராக நின்று அளந்தால் துடுப்பு தலைக்கு மேல் ஒரு சாண் நிற்க வேண்டுமாம். அலையில் ஏறி விளையாடுவதென்றால் இன்னும் கொஞ்சம் கட்டையாக இருப்பது நல்லதாம். தண்ணீருக்குள் போகிற அலகு அகலமாக இருந்தால் ஒவ்வொரு தள்ளலிலும் பலகை பாயும், ஆனால் சின்ன உடம்பு சீக்கிரம் களைத்துவிடும். எல்லாவற்றையும் விட என்னைக் குழப்பியது அலகின் வளைவு. அது தண்டோடு நேராக இல்லாமல் சற்று மடிந்து நிற்கிறது. கறி அள்ளுகிற அகப்பை மாதிரி நம்மைப் பார்த்து வளைந்திருக்கும்படி பிடிப்பதுதான் சரி என்று நினைத்துப் பிடித்தேன். அந்தத் தம்பி சிரித்துவிட்டார்.

“எல்லாரும் முதல் அப்பிடித்தான் அக்கா பிடிக்கிறவை. மற்றப் பக்கம் திருப்புங்கோ. வளைவு முன்னுக்குப் பார்க்கவேணும்.”

“அப்ப தண்ணி வழுக்கிக்கொண்டு போகாதோ?”

“போகாது. ஏனெண்டு கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. திருப்பிப் பிடிச்சால் பலகை ஓடாது, அவ்வளவுதான்.”

அந்த ‘ஏன்’ வீட்டுக்கு வந்தும் என்னை விடவில்லை. தோசை பிரட்டுகிற தட்டகப்பையும் கிட்டத்தட்ட அதே மாதிரி மடிந்துதானே இருக்கிறது? அதை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய், தொட்டித் தண்ணீரில் இரண்டு பக்கமும் இழுத்துப் பார்த்தேன். என்னைப் பார்த்து வளைய வைத்து இழுத்தால், கடைசியில் அது தண்ணீரை மேலே தூக்கி என் சட்டையில் ஊற்றியது. திருப்பிப் பிடித்து இழுத்தபோது தண்ணீரை நேராகப் பின்னுக்குத் தள்ளிவிட்டுச் சத்தமில்லாமல் வெளியே வந்தது. அள்ளுகிற வேலை வேறு, தள்ளுகிற வேலை வேறு என்று விளங்கியதும் எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது.

மகள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். “அம்மா, கிணத்தடியில ஆருக்குத் தோசை சுடுறீங்கள்?”

கடைசியில் போட்டி இரண்டு துடுப்புகளுக்கு இடையில் வந்து நின்றது. அவளுக்குப் பிடித்தது கறுப்பு நிறத்தில் ஒன்று. தூக்கினால் கையில் பாரமே தெரியாது. நீளம் மாற்ற ஏலாது, ஆனால் அவளுக்கு அளந்து செய்தது போல இருந்தது. எனக்குப் பிடித்தது மஞ்சள் அலகுள்ள அலுமினியத் துடுப்பு. தண்டுக்குள் தண்டு போகும். நடுவில் ஒரு கிளிப். அதைத் திறந்தால் நீட்டலாம், கட்டையாக்கலாம் என்று அந்தத் தம்பி காட்டினார். நீட்டலாம் என்பது மட்டும்தான் என் மனதில் பதிந்தது. வளர்கிற பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் சட்டை தைக்கும்போது கீழே மடித்துத் தைத்து, வருடா வருடம் அவிழ்த்துவிட்ட தாய் நான். இதுவும் எனக்கு மடிப்பு வைத்த சட்டை மாதிரித்தான் தெரிந்தது.

“அம்மா, நான் இனி வளர மாட்டன். போன வருசச் செருப்பே போடுறன்” என்றாள் மகள்.

“அதை நீ சொல்லாத. உன்ர மாமாக்கள் இருபது வயசு மட்டும் வளர்ந்தவங்கள்.”

மஞ்சள் துடுப்பு வீட்டுக்கு வந்தது. என் கணவர் அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, “கார் இல்லாத வீட்டுக்கு ஸ்டியரிங் வந்திட்டுது” என்றார்.

முதல் கிழமை எல்லாம் நன்றாகப் போனது. அடுத்த கிழமை ஒரு நாள், அவள் பலமாகத் தள்ளியபோது கிளிப் வழுக்கித் தண்டு உள்ளே இறங்கிவிட்டது. நிலை தவறிப் பலகையில் மோதி விழுந்தாள். சிரித்துக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தாள். ஆனால் உதட்டுக்குக் கீழே நாடியில் நீலம் பாரித்திருந்தது. அந்த நீலத்தைப் பார்த்த பிறகு என்னால் வேறு எதையும் யோசிக்க முடியவில்லை.

எங்கள் வீட்டில் எது பழுதானாலும் கறுப்பு டேப்தான் வைத்தியம். தொலைபேசி சார்ஜர், தும்புத்தடி, குடைக்காம்பு, தண்ணீர்க் குழாய் என்று டேப் சுற்றாத பொருள் குறைவு. அன்று மாலை, கணவர் குறடும் சுத்தியலும் வைக்கிற ஆயுதப் பெட்டியைத் திறந்தேன். துடுப்பை அவள் நிற்கிற உயரத்துக்குச் சரியாக வைத்து, கிளிப்பின் மேலும் மூட்டின் மேலும் டேப்பை இழுத்து இழுத்துச் சுற்றினேன். முடிவில் வழக்கம் போல நுனியைச் சிறிதாக மடித்துவிட்டேன். நுனி ஒட்டிக்கொண்டால் பிறகு நகத்தால் சுரண்டித் தேட வேண்டும். அதற்காகக் கணவர் போட்ட சத்தத்தில் வீட்டில் எல்லோருக்கும் வந்த பழக்கம் அது.

கடற்கரைத் தம்பி அதைப் பார்த்துக் கேலி செய்தார். “என்ன அக்கா, துடுப்புக்குக் கை முறிஞ்சு போச்சோ? கட்டுப் போட்டிருக்கிறீங்கள்! கிளிப்புக்குள்ள மண் போயிருக்கும். நல்ல தண்ணியில கழுவி, ஆணியை ஒரு முறுக்கு முறுக்கினாச் சரி.”

“இருக்கட்டும் தம்பி. இனி அசையாது” என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

அதற்கு அடுத்த சனிக்கிழமை நானும் கடற்கரைக்குப் போனேன். அந்தப் பருவத்தில் எங்கள் பக்கக் கடல் காலையில் குளம் போலக் கிடக்கும். மதியத்தை நெருங்கும்போது கச்சான் எழும்பும். அது தரையிலிருந்து கடலைப் பார்த்து வீசுகிற சூட்டுக் காற்று. அதனால் அலை வராது. கரையோரத் தண்ணீர் இன்னும் சமமாகத்தான் தெரியும். பார்க்கிறவருக்குக் கடல் அமைதியாகி விட்டது போல இருக்கும். நானும் அப்படித்தான் நினைத்தேன். என் கெண்டைக்காலில் மணல் சுள்ளென்று அடித்தது. யாரோ போட்ட பொலித்தீன் பை ஒன்று என்னைத் தாண்டிப் போய்க் கடலில் இறங்கி, நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது. அது போன வேகத்தைப் பார்த்த பிறகுதான் நிமிர்ந்து மகளைப் பார்த்தேன்.

அவள் வழக்கத்தை விட வெளியே இருந்தாள். கரையைப் பார்த்துத் துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தாள். ஆனால் கரைக்கு வரவில்லை. நிற்கிற உடம்பே பாய் மாதிரிக் காற்றைப் பிடிக்கும் என்று நான் வாசித்திருக்கிறேன். வாசித்தது கண்ணுக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தது.

தம்பி தண்ணீருக்குள் ஓடி, கையைக் குவித்துக் கத்தினார். “முழங்காலில இரு! முழங்காலில!”

அவள் முழங்காலில் இருந்தாள். இப்போது துடுப்பு அவளுக்கு மிகவும் நீளமாகிவிட்டது. மேல் கைப்பிடியைப் பிடிக்கக் கையைத் தலைக்கு மேல் தூக்க வேண்டியிருந்தது. தள்ளப் பலம் வரவில்லை. தண்டின் நடுவில் பிடித்துப் பார்த்தாள். மேல் பாதி காற்றில் ஆடித் தலையில் இடித்தது. பலகையின் முன்பக்கம் கடலைப் பார்த்துத் திரும்பத் தொடங்கியது.

“ஏன் கட்டையாக்கிறா இல்லை? முழங்காலில இருந்தாக் கட்டையாக்கவேணுமெண்டு சொல்லிக் குடுத்தனான்தானே!” என்றார் தம்பி.

 “தம்பி, டேப்” என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார்.  வள்ளங்கள் இழுத்து வைத்திருந்த பக்கம் ஓடினார்.

அங்கே நான் தனியாக நின்றேன். உயிர்காக்கும் அங்கி போட்டிருக்கிறாள், காலில் பலகையோடு கயிறு இருக்கிறது என்று எனக்கு நானே சொன்னேன். ஆனால் அங்கி மிதக்க வைக்கும், கரைக்குக் கொண்டு வராதே. அப்போது அவள் துடுப்புப் போடுவதை நிறுத்தினாள். தலையைக் குனிந்து, துடுப்பை முகத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். பலகை விலகிக்கொண்டே போனது. அவள் பெயரைச் சொல்லிக் கத்தினேன். காற்று என் பக்கத்திலிருந்துதானே வீசியது, கட்டாயம் கேட்டிருக்கும். அவள் நிமிரவில்லை.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு தலை நிமிர்ந்தது. கை அசைந்தது. அவள் கையில் இருந்த துடுப்பு சின்னதாகி இருந்தது. முழங்காலில் இருந்தபடி, குனிந்து, சின்னச் சின்னதாக, வேகமாகத் தள்ளினாள். நேரே என்னிடம் வரவில்லை. காற்றுக்குச் சற்றுச் சரிவாக, வடக்கே நிலாவெளிப் பக்கமாகக் கரையைப் பிடிக்கப் பார்த்தாள். ஏன் அப்படி என்று அந்த நேரத்திலும் என் மனதின் ஒரு மூலை கேட்டது. செருப்பை விட்டுவிட்டு மணலில் ஓடினேன்.

அவள் கால் நிலத்தில் பட்டபோதுதான் தம்பியும் வள்ளக்காரர் ஒருவரும் வள்ளத்தைத் தண்ணீருக்கு இழுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த மனிதர் நிழலில் நித்திரையாக இருந்தவர் போல. சாரத்தை மடித்துக் கட்டியபடி எட்டிப் பார்த்தார்.

“ஆள் வந்திட்டுதோ? அப்ப நான் போய்ப் படுக்கிறன்.”

தம்பி மணலில் உட்கார்ந்து சிரித்தார். நான் சிரிக்கவில்லை. நானும் மணலில் உட்கார்ந்துவிட்டேன். மகள் வந்து எனக்கு முன்னால் குந்தினாள். உதட்டில் கறுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது.

“என்ன டேப் அம்மா அது? என்ர பல்லுக் கழண்டிருக்கும்.”

அழவில்லை; கடித்துக் கழற்றியிருக்கிறாள். நான் அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, மன்னிப்புக் கேட்க வேண்டிய நேரத்தில், கேள்வி கேட்டேன். என் குணம் அப்படி.

“கிளிப் திருப்பி வழுக்கேல்லையோ?”

“முழுக்க உள்ளுக்குத் தள்ளிட்டன். இனி வழுக்க இடமில்லைத்தானே.”

“அந்த ஆட்டத்தில நுனியை எப்பிடிக் கண்டுபிடிச்சனி?”

அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள். “நீங்கள் எப்பவும் மடிச்சு விடுறனீங்கள்தானே. அது எங்கயாவது இருக்குமெண்டு தெரியும். நாக்கால தடவித் தேடினனான்.”

கிளிப்பைக் கழுவி, ஆணியை முறுக்கினோம். உண்மையில் மண்தான். ஏன் சரிவாக வந்தாள் என்று பிறகு கேட்டேன். கரை வளைந்து போகிற இடத்தில் மரங்கள் காற்றை மறைக்கும், அங்கே தண்ணீர் காற்றுப்பட்டுக் கறுக்காமல் இருந்தது என்றாள். இதை நான் எங்கும் வாசித்திருக்கவில்லை. இப்போதும் அவள் போகிறாள், ஆனால் காலையில் மட்டும். காற்று எழும்புமுன் கரையில் இருக்க வேண்டும் என்பது எங்கள் இருவருக்கும் இடையில் உள்ள ஒப்பந்தம். நான் இப்போதும் பயப்படுகிறேன்.

துடுப்பு முன்கதவுக்குப் பின்னால் நிற்கிறது. டேப் இருந்த இடத்தில் பசை போகவில்லை. தூசி பிடித்து ஒரு கறுப்பு வளையமாகத் தெரிகிறது. மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தால் போய்விடும், நான் துடைக்கவில்லை. பிள்ளைக்காக எதையாவது இறுக்கிக் கட்ட என் கை போகும்போதெல்லாம் அந்த வளையத்தைப் பார்க்கிறேன். நடுக்கடலில் என் பிள்ளை நம்பித் தேடியது நான் இறுக்கிய இறுக்கத்தை அல்ல, அவிழ்ப்பதற்கென்று நான் மடித்துவிட்ட அந்தச் சின்ன நுனியைத்தான்.