கடற்காற்றுக்கு அஞ்சும் பாஷா

நூல்திரியைக் காதோரம் பிடித்து மெல்ல முறுக்குகிறார் மெஹபூப் பாஷா. நொறநொறவென்று சத்தம் கேட்டால் ஒரு தலையசைப்பு. கேட்காவிட்டால் அந்தத் திரி மறுபடி வெயிலுக்குப் போகும். கருமருந்து பூசிய திரி அது. திருத்தணி வட்டாரத்தில் கிணற்றுப் பாறைக்கு வெடி வைக்க அவரைத்தான் கூப்பிடுவார்கள். தானியத்தைப் பெருக்கச் சொல்லி சர்க்கார் கிணறு வெட்டத் தூண்டும் இந்த உலகச் சண்டைக் காலத்தில் அவருக்கு ஓய்வே இல்லை.

ஒல்லியான உடம்பு. இடது புருவம் கருகிப்போய் முளைக்கவே இல்லை. வேலை நாளில் பீடி தொடமாட்டார், வெற்றிலைதான். கூட வரும் ஆட்களின் மடியைத் தடவித் தீப்பெட்டியைப் பிடுங்கிக்கொள்வார். பயந்தாங்கொள்ளி பாய் என்று அவர்கள் கேலி செய்தால், "ஆங், அதனாலதான் இன்னும் வெத்தல மென்னுகினு கீறேன்" என்பார்.

வெடிமருந்தைவிட அவர் அஞ்சுவது கோடைச் சாயங்காலத்துக்கு. பகலெல்லாம் சித்தூர்ப் பக்கமிருந்து வரும் உலர்ந்த மேல்காற்றில் உதடு வெடிக்கும். பொழுது சாய்கையில் அரக்கோணத்துப் பக்கமிருந்து கடற்காற்று ஈரமும் கனமுமாகத் தரையோடு தவழ்ந்து வந்து, அந்தச் சூட்டுக்கு அடியில் புகுந்து அதை மேலே தூக்கும். இரண்டும் முட்டுகிற இடத்தில் மேகம் சுவராக எழும், இடியும் அங்கேதான். "மேக்காத்து ஓஞ்சிபூடும், கடக்காத்து இன்னும் வந்திருக்காது. நடுவுல ஒரு எல ஆடாது பாரு, அதான் எனக்குப் பயம்." அப்படி ஒரு மாலையில், ஈரம் குடித்த திரி அணைந்துவிட்டதென்று நம்பிக் கிணற்றில் இறங்கினார் அவருடைய அண்ணன் ஹயாத் பாஷா. திரி அணையவில்லை. நெருப்பு உள்ளே மெல்ல ஊர்ந்துகொண்டிருந்தது.

போன வாரம் கே.ஜி.கண்டிகையில் விவசாயி கஜபதியின் கிணறு. ஐந்து குழிகளிலும் மருந்தைக் கெட்டித்து முடிப்பதற்குள் மேல்காற்று ஓய்ந்து, சில்லென்று கடற்காற்று புகுந்துவிட்டது. மலைக்கு மேல் வானம் கறுத்து உறுமியது. மருந்து நிரம்பிய கிணற்றில் இடி இறங்கினால் என்ன ஆகும் என்ற நினைப்பில், பாஷா திரியை மறுபடி முறுக்கிப் பார்க்காமலே கொளுத்திவிட்டு மேலேறினார். நான்கு வெடித்தன. ஐந்தாவதிலிருந்து சத்தமே இல்லை.

வெகுநேரம் காத்திருந்தார்கள். மழை கொட்டினால் வெடிக்காத மருந்து சேற்றுக்கடியில் போய்விடும், அப்புறம் எவனும் அங்கே கடப்பாரை போடமாட்டான் என்று கஜபதி தவித்தார். நான் இறங்கிப் பிடுங்கிவிடுகிறேன் என்று பாறையில் வெடிக்குழி போடும் பச்சையப்பன் கயிற்றைப் பிடித்தான். பாஷா குறுக்கே பாய்ந்து அதே கயிற்றைப் பற்றினார்.

"உடு பாய். ஒரு கட்டு பீடியே எரிஞ்சி முடிஞ்சிருக்கும்" என்றான் பச்சையப்பன்.

"கடக்காத்து குடிச்ச திரிடா. ஊந்துகினு இருக்கும். நான் பாக்காம கொளுத்திட்டேன்டா."

"ஊரே சிரிக்கும் பாய்" என்றார் கஜபதி.

"சிரிக்கட்டும் நைனா."

தூறல் விழுந்தது. பச்சையப்பன் வெடுக்கென்று இழுத்தான். பாஷா கயிற்றை உள்ளங்கையில் சுற்றிக்கொண்டு மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

பூமி குலுங்கியது. கிணற்றிலிருந்து கிளம்பிய கல் ஒன்று புங்கமரத்தின் கிளையை முறித்துக்கொண்டு போனது.

பச்சையப்பன் கயிற்றை விட்டுவிட்டுப் பின்னுக்கு நகர்ந்தான். பாஷா விடவில்லை. கஜபதி மழையில் மண்டியிட்டு, அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது.