சின்னையன் ஆள் எண்ணும் விதம்

சின்னையன் கடலூர்–சிதம்பரம் பிரைவேட் பஸ்ஸில் இருபத்தெட்டு வருடமாகக் கண்டக்டர். அதே பஸ்ஸின் டிரைவரான நான், ராஜமாணிக்கம், பதினொரு வருடமாக அவனோடு மாரடிக்கிறேன். அவன் படிப்பு எட்டாவது. கெட்ட பழக்கம் ஒன்றே ஒன்று, ஆள் எண்ணுவது. ஆலப்பாக்கத்தில் எண்ணுவான், புதுச்சத்திரத்தில் எண்ணுவான். ஏறினவர்களில் இறங்கினவர்களைக் கழித்தால் உட்கார்ந்திருப்பவர்கள் வர வேண்டும். ஒரு தலை கூடினாலும் குறைந்தாலும் மறுபடி முதலிலிருந்து எண்ணுவான்.

எனக்குச் சுகர். போன வருடம் ஒரு மூலிகைச் சாறு வந்தது. நூறு பேர் குடித்ததில் தொண்ணூற்றிரண்டு பேருக்குச் சுகர் குறைந்ததாம், பேப்பரில் போட்டிருந்தார்கள். நானும் குடித்தேன். ஒரே மாதத்தில் 260 இருந்தது 140க்கு வந்தது. சாறு விற்கிறவர் வீட்டுக்கே வந்து வீடியோ எடுத்தார். "இனிமே மாத்திரையே வேணாம்" என்று அதில் சிரித்துக்கொண்டே சொன்னேன். சொன்னபடியே நிறுத்தியும் விட்டேன். பேப்பரை வெட்டி பஸ் கண்ணாடியில் ஒட்டினேன்.

சின்னையன் அதை இரண்டு நாள் படித்தான். மூன்றாம் நாள் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்கும்போது ஆரம்பித்தான்.

"மச்சான், மொத்தம் ஏறுனது எரநூத்திமுப்பது பேருன்னு கீழ பொடி எழுத்துல போட்டிருக்கான். கடைசி வரைக்கும் வந்தது நூறு. மீதி நூத்திமுப்பது பேரு எங்க எறங்குனான்?"

"புடிக்காம போயிருப்பான்."

"ஏன் புடிக்கல? வாந்தியா, மயக்கமா, சுகரு ஏறிப்போச்சா? எறங்குனவன வுட்டுட்டு உக்காந்திருக்கறவன மட்டும் எண்ணுனா அது என்னா கணக்கு?"

"எனக்குக் கொறஞ்சுதேய்யா!"

"அப்ப மாத்திரையும் முழுங்குன, டீக்குச் சக்கரையும் நிறுத்துன. எது கொறச்சுதுன்னு ஒனக்கு எப்பிடித் தெரியும்? அந்த நூறு பேரும் மாத்திரைய நிறுத்தலன்னு இதுலயே இருக்கு. நீ நிறுத்திட்டியே மச்சான். போயி டெஸ்ட் எடுத்துட்டு வா."

எனக்குச் சுருக்கென்று கோபம் ஏறிவிட்டது. "எட்டாவது படிச்ச நீ எனக்கு டாக்டரா? போய்யா, ஒன் வேலயப் பாரு" என்று கத்தினேன். அதற்குப் பிறகு இரண்டு மாதம் எங்களுக்குள் விசில்தான் பேச்சு. நிறுத்த ஒரு விசில், போக இரண்டு விசில். குடும்பமே நடத்தலாம் போலிருந்தது.

ஒரு நாள் மத்தியானம் கிளட்சுக்குக் கீழே ரத்தம் கிடந்ததைச் சின்னையன்தான் பார்த்தான். செருப்பு கடித்து என் இடது கால் சுண்டுவிரல் கறுத்துப்போயிருந்தது.

"வலிக்கலியா?" என்றான்.

"சுத்தமா வலிக்கல."

நான் அதைப் பெருமையாகத்தான் சொன்னேன். அவன் முகம் செத்துப்போனது. கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனான். சுகர் 412. விரலை எடுத்துவிட்டார்கள். "அப்பவே சொன்னேன்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நன்றாகத் திட்டியிருப்பேன். பாவி, வாயையே திறக்கவில்லை. அவன் எதிரிலேயே அழுதேன்.

இப்போது மாத்திரை, ஊசி எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. டூட்டிக்கும் வந்துவிட்டேன். போன வாரம் ஆலப்பாக்கத்தில் ஏறிய ஒரு அம்மா நேராக என் பக்கத்தில் வந்து நின்றது.

"அண்ணே, நீங்க அந்த வீடியோல வந்தவுங்கதான? ஒங்களப் பாத்துட்டுத்தாண்ணே நானும் மாத்திரைய நிறுத்திட்டேன்."

அந்த வீடியோவில் நான் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

இரண்டு சீட்டு பின்னாலிருந்து ஒரு விசில் வந்தது. ஸ்டாப்பே இல்லாத இடம். ஓரங்கட்டி நிறுத்தினேன்.

சின்னையன் முன்னால் வந்தான். "மச்சான், எடது செருப்பக் கழட்டு."

கழற்றிக் காலை நீட்டினேன். அந்தம்மா குனிந்து விரல்களை எண்ணியது. பிறகு, யாரும் சொல்லாமலே, மறுபடி முதலிலிருந்து எண்ணியது.