மஞ்சள் முக்கோணம்

தச்சநல்லூரில் ஓர் அச்சகத்தில் ஸ்டிக்கர் வடிவமைப்பதுதான் என் வேலை. மாட்டுக்குத் தீவனப்புல் நறுக்கும் மிஷினுக்கு எச்சரிக்கை ஸ்டிக்கர் கேட்டு ஒரு பட்டறைக்கார அண்ணாச்சி வந்தார். எட்ட நின்றாலும் கண்ணில் பட வேண்டுமே என்று பளிச்சென்ற மஞ்சளில் பெரிய முக்கோணம் போட்டேன். உள்ளே கறுப்பில், ‘ஓடும்போது கையை உள்ளே விடாதீர்கள்’ என்று எழுதினேன். செய்ததில் எனக்குக் கொஞ்சம் கர்வம்தான்.

அதே மிஷின் ஒன்றைச் சேரன்மகாதேவியில் இருக்கும் அக்காவுக்கு வாங்கிக் கொடுத்தேன். மூன்று மாடுகளின் பாலில்தான் அவள் பிழைப்பு. அரிவாளால் புல் நறுக்கித் தோள்பட்டை போயிருந்தது. மிஷின் வந்து இறங்கியது வெள்ளிக்கிழமை. அக்கா குளித்துவிட்டு வந்து சந்தனம் குழைத்தாள். புது மிஷினைப் பொட்டு வைக்காமல் யார் ஓட்டுவார்கள்? எங்கே வைப்பதென்று சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

“இங்கன வைக்கேன் தம்பி. மஞ்சளா, மங்களகரமா இருக்கு.”

முக்கோணத்தின் நடுவே மோதிரவிரலால் சந்தனத்தை அப்பி, அதன்மேல் குங்குமம் வைத்தாள். நான் சிரித்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதான் எழுதி ஒட்டியிருக்கிறதே என்ற நினைப்பு. பாயசம் குடித்துவிட்டு பஸ் ஏறிவிட்டேன்.

வெள்ளிக்கு வெள்ளி பொட்டு ஏறி, மூன்று மாதத்தில் எழுத்து மூடிப்போனது. ஒருநாள் காலையில் புல் சிக்கிக்கொள்ள, அக்கா கையால் தள்ளியிருக்கிறாள். புல்லோடு கையையும் உருளை இழுத்துவிட்டது. வலது கையில் மோதிரவிரலும் சுண்டுவிரலும் போயின. ஆஸ்பத்திரியில் அழுதது நான்தான். மாட்டுக்குத் தண்ணி காட்டியாச்சா என்று கேட்டாள் அவள். அந்தக் கையால் மூன்று மாடு கறக்க முடியாதென்று பிறகு இரண்டை விற்றோம்.

தையல் பிரித்த அன்று உண்மையைச் சொன்னேன். “நீ பொட்டு வச்ச இடத்துல, கைய உள்ள விடாதேன்னு நான்தான்க்கா எழுதியிருந்தேன்.”

அக்கா என் பக்கம் திரும்பினாள். “அன்னைக்கு நீ பக்கத்துலதான நின்ன? வாயால சொல்லிருக்கலாம்லா.”

கட்டுப் பிரித்த கையை என்முன் நீட்டினாள். “இதப் படம் புடிச்சு ஸ்டிக்கர்ல போடு. இதுல எவளும் பொட்டு வைக்க மாட்டா.”

செல்போனில் எடுத்தேன். மறுநாள் அச்சகத்தில் அந்தக் கையைப் பெரிதாக்கி, வெள்ளைப் பின்னணியில் வைத்தேன். பாவி நான், எட்ட நின்று பார்த்தால் தெரிகிறதா என்று பார்க்க நாற்காலியைப் பின்னால் நகர்த்தினேன். நன்றாகவே தெரிந்தது.